மழையில் புதிதாகும் பழைய கார்

நான் கல்லூரிக்கு ஓட்டிச் செல்லும் சிவப்பு நிறக் காரின் வயது 16. அது ஓடிய தூரம் 2 இலட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. எஞ்சினுக்கு வேளை தவறாமல் எண்ணெய் மாற்றினேன். சக்கரங்களுக்குக் காற்று நிரப்பினேன். ஆனால் மேலே பூசியிருக்கும் பெயிண்டை மட்டும் ஒரு பொருட்டாக எண்ணவேயில்லை. அது வெயிலில் நின்றது, தூசியைச் சுமந்தது. அவசரமான காலை வேளைகளில் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

ஒரு மாலை, மழை பெய்து ஓய்ந்த நேரம். என் காரைப் பார்த்த மாணவர் ஒருவர், "சார், மழை பெய்தால் மட்டும் உங்கள் கார் புதுக் கார் ஆகிவிடுகிறதே!" என்றார். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது உண்மைதான். நனைந்த கார் செக்கச் செவேல் என்று மின்னியது. அரை மணி நேரத்தில் நீர் காய்ந்தது. கார் மறுபடியும் சாம்பல் பூத்தாற்போல் வெளிறிப் போயிற்று.

மழைநீருக்கு நிறம் கிடையாது. அது காருக்கு எந்தச் சாயத்தையும் பூசவில்லை. அப்படியானால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? காய்ந்தவுடன் எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை காணப் புகுந்தால், பழைய காரின் பெயிண்டைச் சீர்செய்யும் கலையின் பாதி நமக்கு விளங்கிவிடும். மீதிப் பாதியை நான் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன். அதையும் சொல்கிறேன்.

தாளினும் சற்றே தடித்த கவசம்

காரின் உடல் எஃகுத் தகட்டால் ஆனது. தகட்டின் தடிமன் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர். அதன்மேல் உள்ள பெயிண்ட் ஒரே பூச்சு அன்று. பல அடுக்குகள் கொண்டது. முதலில் காரின் உடலைப் பெயிண்ட் தொட்டியில் முழுதாக அமிழ்த்தி, மின்சாரம் செலுத்தி ஓர் அடுக்கைப் படியச் செய்வார்கள். துருவைத் தடுப்பது இதன் வேலை. இதன்மேல் பிரைமர் வரும். அதன்மேல் நிறத்தைத் தரும் அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற தெளிபூச்சு ஒன்று. 'கிளியர் கோட்' என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான்.

இந்த அடுக்குகளின் தடிமனை மைக்ரானில் அளப்பார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தெளிபூச்சு பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். நிற அடுக்கு அதைவிட மெல்லியது. எல்லா அடுக்குகளும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான். நீங்கள் எழுதும் நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் ஏறத்தாழ 100 மைக்ரான் இருக்கும். எஃகுக்கும் வெயில் மழைக்கும் நடுவே நிற்கும் கவசம் தாளைவிடச் சற்றே தடித்தது, அவ்வளவே!

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். காரின் வெளிப்பரப்பு 10 சதுர மீட்டர், தெளிபூச்சின் தடிமன் 40 மைக்ரான் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் கனஅளவு 400 மில்லிலிட்டர் என்று வரும். முழுக் காரையும் மூடியிருக்கும் தெளிபூச்சு அனைத்தையும் சுரண்டி எடுத்தாலும் அரை லிட்டர் பாத்திரம் நிரம்பாது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பூச்சு மங்குவது ஏன்?

என் காரில் கூரையும் பானெட்டும் மிகவும் மங்கியிருந்தன. கதவுகள் அவ்வளவு மோசமில்லை. காரணம் எளிது. தமிழ்நாட்டில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது. மற்ற நாட்களிலும் நண்பகல் வெயில் மேலிருந்தே விழுகிறது. ஆகவே படுத்திருக்கும் பரப்புகளுக்கு வெயில் மிகுதி. நின்றிருக்கும் கதவுகளுக்குக் குறைவு.

வெயிலில் எது பெயிண்டைக் கெடுக்கிறது? ஒளி ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்று படித்திருப்பீர்கள். அவற்றுக்கு ஃபோட்டான்கள் என்று பெயர். 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். சிவப்பு ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர் எனில் ஆற்றல் ஏறத்தாழ 1.9 எலக்ட்ரான் வோல்ட். 310 நானோமீட்டர் கொண்ட புற ஊதாக் கதிருக்கோ அது 4.0. பூச்சு என்பது கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்த பாலிமர். ஒரு கார்பன் அணுவை அடுத்த கார்பனோடு பிணைக்கும் ஒற்றைப் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். சிவப்பு ஒளி எத்தனை ஆண்டுகள் விழுந்தாலும் இதற்குப் போதாது. புற ஊதாக் கதிரின் ஒரே ஒரு ஃபோட்டான், சரியான இடத்தில் உறிஞ்சப்பட்டால், போதும்.

அறுந்த இடத்தில் காற்றின் ஆக்சிஜன் வந்து சேர்கிறது; அடுத்தடுத்த பிணைப்புகளும் கெடுகின்றன. இதைத் தடுக்கவே தெளிபூச்சினுள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும் பொருள்களைக் கலந்திருக்கிறார்கள். ஆனாலும் மேல்முகம் முதல் அடியைத் தாங்கியாக வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே நுண்ணிய வெடிப்புகளும் குழிகளும் தோன்றுகின்றன.

இதோடு நாமும் கெடுக்கிறோம். தெருத் தூசியில் குவார்ட்ஸ் மணல் உண்டு. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதன் எண் 7. பெயிண்ட் இதைவிட மிக மென்மையானது. காய்ந்த துணியால் தூசியைத் துடைப்பது, மிக மெல்லிய உப்புத்தாளால் காரைத் தேய்ப்பதற்கு ஒப்பாகும். பதினாறு ஆண்டுகள் நான் செய்தது இதைத்தான்.

நீர் செய்யும் மாயம்

இப்போது மழையின் புதிருக்கு வருவோம்.

ஒளி காற்றிலிருந்து பூச்சுக்குள் நுழையும்போது ஒரு பகுதி எல்லையிலேயே எதிரொளிக்கப்படுகிறது. நேராக விழும் ஒளிக்கு இதைக் கணக்கிட எளிய வழி உண்டு. இரு ஊடகங்களின் ஒளிவிலகல் எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூடுதலால் வகுத்து, ஈவை வர்க்கப்படுத்த வேண்டும். காற்றுக்கு 1.0, பூச்சுக்கு ஏறத்தாழ 1.5. வித்தியாசம் 0.5, கூடுதல் 2.5, ஈவு 0.2. அதன் வர்க்கம் 0.04. அதாவது விழும் ஒளியில் 4 விழுக்காடு மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. மீதி உள்ளே சென்று, நிற அடுக்கைத் தொட்டுச் சிவப்பாக வெளிவருகிறது.

புதிய காரின் மேற்பரப்பு வழவழப்பானது. ஆகவே அந்த 4 விழுக்காடும் முகம் பார்க்கும் கண்ணாடியில் போல ஒரே திசையில் செல்லும். இதுவே ஒழுங்கான எதிரொளிப்பு. அந்தத் திசையில் கண்ணை வைத்தால் சூரியனின் பிம்பம் தெரியும். மற்றத் திசைகளிலிருந்து பார்த்தால் தூய சிவப்பு தெரியும். பழைய காரின் மேற்பரப்பு கரடுமுரடானது. அதே வெள்ளொளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. நீங்கள் எங்கே நின்று பார்த்தாலும் சிவப்போடு கொஞ்சம் வெள்ளையும் கலந்தே வருகிறது. சிவப்பு வெளிறித் தோன்றுவதற்கு இதுவே காரணம். நிறம் போய்விடவில்லை, அதன்முன் ஒரு வெள்ளைத் திரை விழுந்திருக்கிறது.

மழை பெய்தால் என்ன ஆகிறது? நீர் குழிகளையெல்லாம் நிரப்புகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. முன்போலவே கணக்கிடுங்கள்: வித்தியாசம் 0.17, கூடுதல் 2.83, ஈவு 0.06, வர்க்கம் 0.0036. கரடான பரப்பிலிருந்து சிதறிய 4 விழுக்காடு, இப்போது அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது! பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீரின் மேல்முகத்தில் 2 விழுக்காடு எதிரொளிக்கிறது என்பது உண்மை. ஆனால் பரப்பு இழுவிசையால் அந்த முகம் வழவழப்பாக இருப்பதால், அது ஒழுங்காகவே எதிரொளிக்கிறது. திரை விலகுகிறது; சிவப்பு தெரிகிறது.

ஆற்றங்கரைக் கூழாங்கல் நீருக்குள் வண்ணமாகத் தெரிந்து, வீட்டுக்குக் கொண்டுவந்தால் வெளிறிப் போவதும் இதே காரணத்தால்தான்.

ஒரு குவளை நீர் சொல்லும் தீர்ப்பு

மாணவரின் கேலியில் எனக்கு ஒரு சோதனை கிடைத்தது. பழைய காரைச் சீர்செய்யப் புகுமுன் அதைக் கழுவி, மங்கிய இடத்தில் சிறிது நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும்.

நனைந்ததும் நிறம் திரும்பினால், குறை மேல்முகத்தின் கரட்டுத் தன்மையில் மட்டுமே உள்ளது. தேய்த்து மெருகேற்றலாம். நனைத்த பிறகும் வெண்திட்டு அப்படியே நின்றால், அதன் ஓரம் வரைபடத்தின் எல்லைக்கோடு போலத் தெரிந்தால், அங்கே தெளிபூச்சு உரிந்துவிட்டது என்று பொருள். அதை எந்த மெருகும் சரிசெய்யாது. அந்தப் பகுதியைத் தேய்த்தெடுத்துப் புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். என் காரின் கூரையில் உள்ளங்கை அளவுக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. பானெட்டும் கதவுகளும் முதல் வகையைச் சேர்ந்தவை.

கீறல்களுக்கும் ஒரு சோதனை உண்டு. விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெல்ல இழுங்கள். நகம் சிக்கவில்லை என்றால் கீறல் ஆழமில்லை. சிக்கினால், தேய்த்துப் போக்க முயல்வது ஆபத்து. எஃகு வரை பெயிண்ட் பெயர்ந்த புள்ளிகளில் துருவை நீக்கி, பிரைமரும் டச்-அப் பெயிண்டும் தொட்டு வைப்பதே முதல் வேலை. ஏனெனில் இரும்பு துருவாக மாறும்போது அதன் கனஅளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். அது சுற்றியுள்ள நல்ல பெயிண்டையும் அடியிலிருந்து நெம்பித் தூக்கிவிடும். பளபளப்பு காத்திருக்கும், துரு காத்திராது.

தேய்த்தால் மெருகேறுவது எப்படி?

கீறலை நீக்க மறுபடியும் கீறுவதா? ஆம், அதுதான் வழி. கண்ணாடியை மணலால் தேய்த்து மெருகேற்றுவதைப் பற்றி நியூட்டன் 1704-இல் வெளியான தம் 'ஆப்டிக்ஸ்' நூலில் எழுதியிருக்கிறார். பெரிய கீறல்களைச் சிறியனவாகவும், சிறியவற்றைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியனவாகவும் ஆக்குவதே மெருகேற்றல் என்பது அவர் கருத்து.

எவ்வளவு நுண்ணியதானால் போதும்? ராலே பிரபுவின் பெயரால் வழங்கும் ஓர் எளிய விதி உண்டு. நேராக விழும் ஒளிக்கு, பரப்பின் மேடுபள்ளம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் அதை வழவழப்பு எனக் கொள்ளலாம். பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர்; எட்டில் ஒரு பங்கு ஏறத்தாழ 70 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

இந்த நுண்மையை ஒரே தாவலில் அடைய முடியாது. படிப்படியாக இறங்க வேண்டும். வாட்டர் பேப்பரில் எண் கூடக்கூடப் பரல்கள் சிறுக்கும். 'பி 1000' தாளின் பரல் ஏறத்தாழ 18 மைக்ரான். 'பி 2000' தாளில் 10 மைக்ரான். அதற்கும் அடுத்தது ரப்பிங் காம்பவுண்ட், கடைசியாகப் பாலிஷ். ஒவ்வொரு படியின் வேலையும் முந்தைய படி விட்ட கீறல்களை அழிப்பதே. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் பெரிய கீறல் அப்படியே தங்கிவிடும்.

பெரும்பாலான பழைய கார்களுக்கு வாட்டர் பேப்பரே வேண்டியதில்லை. காம்பவுண்டிலிருந்து தொடங்கினால் போதும். மறைவான ஓர் அடி சதுரத்தில், இருப்பவற்றுள் மிக மென்மையான பாலிஷைக் கொண்டு முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். அது போதவில்லை என்றால் மட்டுமே அதைவிடக் கரடான பொருளைத் தொட வேண்டும்.

சூரியனைச் சுற்றும் கீறல்கள்

வேலை சரியாக நடக்கிறதா என்று அறிய விளக்கொளியில் பார்ப்பார்கள். அப்போது ஒரு விந்தை தெரியும். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை போல வட்டம் வட்டமாகக் கீறல்கள் மின்னும். யாரோ வட்டமாகத் தேய்த்துக் கெடுத்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் விளக்கை நகர்த்துங்கள். வட்டங்களும் கூடவே நகரும்!

உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக இருக்கின்றன. ஒவ்வொரு கீறலும் நீண்ட மெல்லிய வாய்க்கால் போன்றது. அது ஒளியைத் தன் நீளத்துக்குக் குறுக்கான திசைகளில் விசிறி போல் சிதறடிக்கும். ஆகவே, பிம்பத்திலிருந்து வரையப்படும் கோட்டுக்குக் குறுக்கே அமைந்த கீறல்கள் மட்டுமே உங்கள் கண்ணுக்கு ஒளியை அனுப்புகின்றன. மற்றவை இருந்தும் தெரிவதில்லை. பிம்பத்தைச் சுற்றிலும் குறுக்கே அமைந்த சிறு துண்டுகளை மட்டும் சேர்த்துப் பார்த்தால் அது வட்டமாகத்தானே தோன்றும்? வீட்டில் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டை எடுத்து, டார்ச் விளக்கின் ஒளியில் பாருங்கள். இதே வட்டங்களைக் காணலாம்.

நான் செய்த தவறு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காரை நிழலில் நிறுத்தி, நிறைய நீர் விட்டுக் கழுவினேன். கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுப் பரப்பைத் தடவினேன். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்கு நன்றாகத் தெரியும். பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகள்களும் பிசினும் பூச்சில் ஒட்டிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். கிளே பார் என்று விற்கும் களிமண் போன்ற பொருளை, சோப்பு நீர் தெளித்த பரப்பில் மெல்ல ஓட்டி அவற்றை அகற்றினேன். பிறகு இரவல் வாங்கிய பஃபிங் எந்திரத்தால் கதவுகளை மெருகேற்றினேன். காம்பவுண்டு, பாலிஷ் என இரண்டே படிகளில் கதவுகள் பளிச்சென்று ஆயின. துணிவு வந்துவிட்டது. பானெட்டுக்குப் போனேன். அதன் ஓரத்தில் நீளவாக்கில் ஒரு மடிப்பு மேடு உண்டு. அங்கே கொஞ்சம் பிடிவாதமான மங்கல். எந்திரத்தை அந்த இடத்திலேயே சில விநாடிகள் நிறுத்தி அழுத்தினேன்.

துடைத்த வெள்ளைத் துணி சிவப்பாக வந்தது.

தெளிபூச்சு உள்ள காரில் தேய்க்கும் துணியில் நிறம் ஏறக்கூடாது. மேலடுக்குக்கு நிறமே இல்லையல்லவா? துணி சிவந்தது என்றால் தெளிபூச்சு முழுதும் போய், நிற அடுக்கைத் தொட்டுவிட்டேன் என்று பொருள். (தெளிபூச்சே இல்லாத பழைய வகைக் கார்களில் துணியில் நிறம் ஏறுவது இயல்பு. உங்கள் கார் எவ்வகை என்று அறியவும் இதே துணி உதவும்.)

ஏன் அப்படி ஆயிற்று? மூன்று காரணங்கள். முதலாவது, அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுக்கக் கிடைப்பது. தட்டையான இடத்தில் தேய்பஞ்சின் முழு முகமும் படுகிறது. மேட்டிலோ ஒரு மெல்லிய கோடு மட்டுமே படுகிறது. என் கையின் விசை அதேதான். அழுத்தம் பல மடங்கு. இரண்டாவது, ஈரப் பெயிண்ட் பரப்பு இழுவிசையால் கூரிய விளிம்புகளிலிருந்து விலகி ஓடும் இயல்புடையது. ஆகவே அங்கே பூச்சு முதலிலிருந்தே மெல்லியது. மூன்றாவது வெப்பம். 15 செ.மீ. விட்டமுள்ள பஞ்சு நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றால், அதன் விளிம்பின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர். அதாவது மணிக்கு 42 கிலோமீட்டர்! ஒரே இடத்தில் நின்றால் உராய்வு வெப்பம் பூச்சை இளக்கிவிடும்.

விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்க வேண்டும். எந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தியிருக்கக் கூடாது. இரண்டும் எனக்குத் தெரியும். கதவுகள் நன்றாக வந்த மகிழ்ச்சியில் மறந்துவிட்டேன். நான்கு விரல் நீளத்துக்கு அந்தக் கீற்று என் காரில் இன்றும் இருக்கிறது.

சேமிப்புக் கணக்கு

அந்தக் கீற்று எனக்கு உணர்த்தியதையே உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மெருகு என்பது காரின்மேல் நாம் சேர்ப்பது அன்று, காரிலிருந்து எடுப்பது. ஒவ்வொரு முறை காம்பவுண்டு போடும்போதும் ஓரிரு மைக்ரான் பூச்சு போகிறது. வாட்டர் பேப்பர் என்றால் இன்னும் அதிகம். முழுக் காருக்கும் இருப்பு 400 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டோம். அந்தச் சேமிப்பிலிருந்து நாம் எடுக்கலாம். திரும்பப் போட முடியாது.

கொஞ்சம் மெலிந்தால் என்ன என்று தோன்றலாம். இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 40 மைக்ரான் தெளிபூச்சு, கெடுதல் செய்யும் புற ஊதாக் கதிரில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுகிறது என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். இதை இருபது இருபது மைக்ரானாக இரண்டு திரைகள் என்று எண்ணுங்கள். முதல் திரை பத்தில் ஒரு பங்கை விடுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கை இரண்டாம் திரை விடுகிறது. ஆக நூற்றில் ஒன்று. இப்போது தேய்த்துத் தேய்த்து ஒரு திரையைப் போக்கிவிட்டால்? பத்தில் ஒரு பங்கு உள்ளே போகும். பூச்சு பாதியானபோது, அடியில் உள்ள நிற அடுக்கின்மேல் விழும் கதிர் இரு மடங்காகவில்லை, பத்து மடங்காகிவிட்டது! அடியில் உள்ள பிடிப்புத் தளர்ந்து தெளிபூச்சு உரியத் தொடங்குவது இவ்வாறுதான். மிகுந்த பளபளப்புக்கு ஆசைப்பட்டு அடிக்கடி தேய்க்கும் கார், தேய்க்காத காரைவிட விரைவில் உரிந்துவிடக் கூடும்.

பூச்சின் தடிமனை அளக்கக் கருவிகள் உண்டு. எஃகின்மீது காந்தத்துக்குள்ள ஈர்ப்பு, இடையில் உள்ள பூச்சு தடிக்கத் தடிக்கக் குறையும் என்பதே பழைய வகைக் கருவியின் தத்துவம். அது கையில் இல்லை என்றாலும், ஒரு வலிமை குறைந்த காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஒட்டிப் பாருங்கள். காரில் ஓரிடத்தில் மட்டும் அது ஒட்டாமல் நழுவினால், அங்கே எப்போதோ அடிபட்டு, தடிமனாகப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அறியலாம். எஃகுப் பகுதிகளுக்கு மட்டுமே இது பொருந்தும். பிளாஸ்டிக் பம்பரில் பொருந்தாது.

மெழுகு தரும் உதவி

பூச்சைச் சற்றும் எடுக்காமல் மெருகு தருவது மெழுகு. பிரேசில் நாட்டின் ஒருவகைப் பனை ஓலையிலிருந்து கிடைக்கும் கார்னாபா மெழுகு இதற்குப் பெயர் பெற்றது. அது நுண்ணிய கீறல்களை நிரப்பி, நீர் செய்த அதே வேலையைச் செய்கிறது. ஆனால் நீரைப்போல் உடனே ஆவியாவதில்லை. மெழுகிட்ட பரப்பில் நீரின் சேர்கோணம் 90 பாகையைவிட மிகும். ஆகவே நீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடுகிறது. ஆனால் மெழுகும் நிலையானதன்று. சில வாரங்களிலோ மாதங்களிலோ தேய்ந்துவிடும், மறுபடியும் இட வேண்டும். மெழுகு போவதால் நட்டமில்லை. அதன் அடியில் உள்ள தெளிபூச்சு போகாமல் இருந்தால் சரி.

என் கார் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். கதவுகள் புதிதுபோல் உள்ளன. பானெட்டில் ஒரே ஒரு முறை மென்மையான பாலிஷ் போட்டு நிறுத்திக்கொண்டேன். மங்கல் முழுதும் போகவில்லை, முக்கால் பங்கு போயிற்று. மீதிக்கு ஆசைப்படவில்லை. கூரையின் உரிந்த திட்டைப் பட்டறையில் விட்டுப் பெயிண்ட் அடித்துக்கொண்டேன். நாள்தோறும் வேலைக்கு ஓடும் காருக்கு இது போதும். இன்னும் பல ஆண்டு வெயிலை அது தாங்க வேண்டுமல்லவா?

நீங்கள் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பழைய கார், ஸ்கூட்டர் ஏதேனும் இருந்தால், பெரியவர்களிடம் அனுமதி பெற்று இவற்றைச் செய்யலாம்.

1. மங்கிய இடத்தில் நீர் ஊற்றி, நிறம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பும் இடங்களையும் திரும்பாத இடங்களையும் தாளில் படம் வரைந்து குறியுங்கள். கூரை, பானெட், கதவு ஆகியவற்றை ஒப்பிடுங்கள்.

2. சொரசொரப்பான கண்ணாடித் துண்டு ஒன்றின் கரடான பக்கத்தில் செலோ டேப்பை அழுத்தி ஒட்டுங்கள். ஒட்டிய இடத்தில் மட்டும் கண்ணாடி தெளிவாகும். நீரின் வேலையை இங்கே பசை செய்கிறது.

3. பளபளப்பில்லாத புத்தக அட்டையைக் கண்ணருகே கிடையாகப் பிடித்து, அதன் பரப்பை ஒட்டிச் சன்னலை நோக்கிப் பாருங்கள். அட்டையும் பளபளக்கும். சாய்வாக வரும் ஒளிக்கு மேடுபள்ளங்கள் சிறியனவாகிவிடுவதே காரணம்.

ஓர் எச்சரிக்கை. பழைய பெயிண்டை ஒருபோதும் காய்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அதில் ஈயச் சேர்மங்கள் இருக்கக்கூடும். அந்தத் தூசி மூச்சுக்குக் கேடு. பஃபிங் எந்திரத்தைப் பெரியவர்களிடமே விட்டுவிடுங்கள். ஆனால் அவர்கள் எந்திரத்தைக் கையில் எடுக்கும்போது அருகில் நின்று, வெள்ளைத் துணியில் நிறம் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அன்று என் அருகில் அப்படிச் சொல்ல ஒருவர் இல்லை.